மாற்றுப்பாதைப் பலகையும் பேச்சியின் காணமும்

மழைத் தண்ணீர் நெற்றி வழியாக இறங்கிக் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. உரச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊர்ப் பாதை பிரியும் விலக்கில், ரோட்டின் நடுவில் நின்றுகொண்டு, சிவகிரிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினேன். பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"நேரா போங்க. ரோடு திறந்தாச்சு. நேரா போங்க."

என் சத்தம்தான். ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விழித்துப் பார்த்தார்.

மூன்று நான்கு வருடம் இருக்கும். பங்குனி மாதம். போன வாரம் கிணற்று மோட்டாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, உங்கள் வீட்டம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்த வாரம் அவள் விளைய வைத்த காணத்தைப் பற்றி. நான் செய்த தப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இதுவரை வெளியில் சொன்னதில்லை.

உள்ளேன் ஐயா

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் 'உள்ளேன் ஐயா' பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. சார் ஆப்சென்ட் போட்டுவிடுவார். எழுந்து, இருக்கிறேன் என்று சொல்லலாம்தான். அதற்கும் சத்தம் வேண்டுமே. ஒரு வருடம் ஒருநாள் விடாமல் பள்ளிக்குப் போனேன். கடைசியில் வருகை குறைவு என்று அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். பத்தாவது முடித்ததோடு நின்றுகொண்டேன்.

பஸ்ஸுக்குக் கை காட்ட மாட்டேன். விலக்கில் வேறு யாராவது நின்றால் அவர்கள் கை காட்டி நிறுத்தும் பஸ்ஸில் நானும் ஏறிக்கொள்வேன். தனியாக நின்றால், பஸ் தானாக நின்றால் உண்டு.

கல்யாணம் ஆன புதிதில் பேச்சியோடு விலக்கில் நின்றேன். அவள் புதுப்பெண். என்னோடு போகும் முதல் பயணம். பஸ் வந்தது. எங்களைத் தாண்டிப் போனது. அவள் முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"ஏங்க, அது நம்ம பஸ்தானே?"

ஆமாம் என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கை காட்டுவது அவள் வேலையாகிவிட்டது.

ஒரு போகம் பொறுங்க

எங்களுக்கு வீட்டை ஒட்டிக் கிணறும், கத்தரியும் தக்காளியும் போட்ட கொஞ்சம் தோட்டமும் உண்டு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஒன்றரை ஏக்கர் புஞ்சை. வானம் பார்த்த பூமி. பல வருடம் தரிசாகக் கிடந்து உடைமரம் மண்டிவிட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டிருந்தேன்.

சோலார் தகடு பதிக்க நிலம் தேடி ஒரு தம்பி பைக்கில் வந்தார். மரியாதையான ஆள். புஞ்சையை நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்டார். எனக்கு ஒருவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. பார்ப்போம் என்றேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே பத்திரத்தோடு வந்து நின்றார்.

பேச்சிதான் அவரிடம் பேசினாள். ஒரு போகம் பொறுங்கள், இந்தப் புஞ்சையில் என் கையால் ஏதாவது விளைந்து வீடு வந்து சேர்ந்தால் நிலம் எங்களுக்கு, வரவில்லையென்றால் நானே முன்னால் வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறேன் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பங்குனியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பார்ப்போம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவளும், கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் கவிதாவும் லீவு நாளெல்லாம் உடைமரம் வெட்டினார்கள். இருவர் கையிலும் முள் கிழித்த கோடுகள். கார்த்திகைக் கடைசி மழையின் ஈரத்தில் காணம் விதைத்தாள். கொள்ளுக்கு எங்கள் பக்கம் காணம் என்று பேர். சுற்றிலும் எல்லாரும் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். இந்தத் தரையில் ஒன்றும் வராது என்று நான் சொன்னேன்.

"நீங்க சொல்லுதது அதுக்குக் கேக்கவா போவுது?" என்றாள்.

கேட்கவில்லைதான். மார்கழிப் பனியைக் குடித்தே கொடி மண் தெரியாமல் மூடிவிட்டது.

இரண்டு தடவை கடந்த வாசல்

மாசி கடைசியில் கொடியில் காய் முற்றி நெற்றாகக் காய்ந்தது. கதிரடிக்கும் மிஷின் வைத்திருப்பவர் கரிவலம்வந்தநல்லூர் சுப்பையா அண்ணாச்சி. அவரைப் பார்த்துச் சொல்லிவரும்படி பேச்சி என்னை அனுப்பினாள்.

போனேன். அவர் வீட்டு வாசலில் பத்துப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதையோ சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று அவரைக் கூப்பிட வேண்டும். வாசலை இரண்டு தடவை கடந்தேன். எதிர்க் கடையில் ஒரு டீ குடித்தேன். ஊருக்குத் திரும்பி வந்து, மிஷின் வர ஒரு வாரம் ஆகுமாம் என்று பேச்சியிடம் சொல்லிவிட்டேன்.

அவள் நம்பினாள். நான் சத்தம் போடாதவன்தானே தவிர பொய் சொல்கிறவன் இல்லை என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

அப்படியானால் ரோட்டில் போட்டுவிடலாம் என்றாள் கவிதா. எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. காய்ந்த கொடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிப் பயறை உதிர்த்துவிடும். தப்புதான். பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுவார்கள் என்று போலீஸ்காரர்கள் வந்து சத்தம் போடுவார்கள். நாங்கள் ஒரு ஓரம் வழி விட்டு, வளைவில் சிவப்புத் துணி கட்டிய கம்பை நட்டுவிட்டுத்தான் போடுவோம்.

அந்த வருடம் மெயின் ரோட்டில் வேலை நடந்தது. நான்கு மாதமாகச் சங்கரன்கோவில் போகும் அத்தனை வண்டியும் விலக்கில் திரும்பி, எங்கள் ஊருக்குள் வந்து, அந்தப் பக்கம் போய் மெயின் ரோட்டில் ஏறியது. விலக்கில் மாற்றுப்பாதை, டைவர்சன் என்று அம்புக்குறி போட்ட மஞ்சள் பலகை. ஊரில் எல்லார் வீட்டு உளுந்தையும் அந்த வண்டிகளே அடித்துக் கொடுத்தன. அந்த வண்டிகளெல்லாம் எங்கள் ஊரின் சொந்த வண்டிகள் என்றே நாங்கள் நினைக்க ஆரம்பித்திருந்தோம்.

எல்லாம் ஒரே காலையில்

சோலார் தம்பி சாயங்காலம் வருவதாகப் போன் செய்திருந்தார். அன்றைக்கே காணத்தை அடித்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

விடியும்போதே த்ரீ பேஸ் கரண்டு வந்துவிட்டது. மோட்டாரைப் போட்டுவிட்டுக் கத்தரிக்குத் தண்ணீர் மாற்ற ஓடினேன். பேச்சி பால் கறந்துகொண்டிருந்தாள். கொட்டிலிலிருந்து கவிதா கூப்பிட்டாள், வெள்ளாடு குட்டி போடப் போகிறது என்று. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கே ஓடினேன். அதற்குள் பாத்தி உடைத்துக்கொண்டு தண்ணீர் தக்காளிக்குள் போய்விட்டது. திரும்பி ஓடி அதை அடைத்துவிட்டு வந்தால், ஈரமாக ஒரு பெட்டைக்குட்டி நான்கு காலையும் நான்கு திசையில் வைத்து நின்றுகொண்டிருந்தது. பேச்சி ஒரு கையில் பால் செம்போடு, மறுகையால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டாள். போட்ட காபி அடுப்படியில் ஆறிப்போனது. யாருக்கும் அது ஞாபகமே இல்லை.

வாடகைக்குப் பிடித்த குட்டியானை வண்டியில் மூன்று நடை கொடி வந்து இறங்கியது. காணத் தூசி கழுத்திலும் முழங்கையிலும் ஒட்டி அரித்தது. அரிப்புகூட அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒன்பது மணி வெயிலில் ரோடு நீளத்துக்குக் கொடியைப் பரப்பிவிட்டு மூன்று பேரும் வேப்பமரத்தடியில் நின்றோம். கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை காருக்குக் காத்திருக்கிற மாதிரி.

வண்டி வரவில்லை.

பத்து மணி ஆனது. ஒரு பைக் வந்தது, நாங்கள் விட்டிருந்த ஓரத்தில் ஒழுங்காகப் போனது. பதினொன்றுக்கு மினிபஸ் வந்தது. அது எங்கள் ஊருக்கென்றே ஓடுகிற வண்டி. ஒரே தடவை ஏறி, ஒரே தடவை இறங்கிப் போய்விட்டது. வெயிலில் நெற்று தானாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட் பட்டென்று வெடிக்கும் சத்தம் மட்டும்.

அப்போது பக்கத்து வீட்டு வேலம்மாள் மதினி ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன கொழுந்தனாரே, யாருக்குக் காத்திருக்கீக? மெயின் ரோட்டத்தான் நேத்தே திறந்து விட்டாச்சே. இனிம இங்கன மினிபஸ்ஸும் என் ஆடுந்தான். வேணும்னா ஆட்ட நாலு நடை ஓட்டித் தாரேன். மிதிக்கத விடத் திங்கதுதான் கூட இருக்கும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். பேச்சி சிரிக்கவில்லை. அவள் மேற்கே பார்த்தாள். மலைப் பக்கம் கருப்பாக ஒரு மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு கொடியையும் கம்பால் அடித்து உதிர்க்க எங்கள் மூன்று பேருக்கு இரண்டு நாள் ஆகும். நனைந்தால் எல்லாம் பூசணம் பிடித்துவிடும்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுப்பையா அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். வாய் வரவில்லை.

"நீங்க விலக்குக்குப் போங்க" என்றாள் பேச்சி. "வார வண்டியக் கையக் காட்டி இங்கிட்டுத் திருப்பி விடுங்க. நாங்க கொடியப் பெரட்டிப் போடுதோம்."

பலகை

அரை கிலோமீட்டர் நடந்து விலக்குக்குப் போனேன். முதலில் ஒரு லாரி வந்தது. கையைத் தூக்கினேன். அது தோள்வரை வந்து, காதைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது. அடுத்த வண்டிக்கு நன்றாகவே தூக்கினேன். டிரைவர் வணக்கம் சொல்வதாக நினைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போனார். இப்படிப் பதினோரு வண்டிகளை விட்டேன். மேகம் மலையை விட்டு வெளியே வந்துவிட்டது.

அப்போதுதான் பள்ளத்தில் எருக்கஞ்செடிக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மாற்றுப்பாதைப் பலகை. ரோட்டைத் திறந்தவர்கள் அங்கேயே தூக்கிப் போட்டிருந்தார்கள்.

நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாக யோசித்தேன். இருபக்கமும் பார்த்தேன். தூக்கிக்கொண்டு வந்து இரண்டு கல் முட்டுக் கொடுத்து, அம்பு எங்கள் ஊரைக் காட்டும்படி நிறுத்தினேன். பிறகு நிழற்குடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

ஒரு டிப்பர் வந்தது. வேகம் குறைந்தது. டிரைவர் ஏதோ திட்டினார். திரும்பினார். பின்னாலேயே ஒரு வேன், இரண்டு கார், செங்கல் ஏற்றிய லாரி. எல்லாம் வரிசையாக என் ஊருக்குள். நான் வரப்பு வழியாகக் குறுக்கே ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ரோடு திருவிழாவாக இருந்தது. டிப்பர் ஏறிய இடத்தில் நெற்று உடைந்த சத்தம், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி. ஒரு வண்டி போனதும் பேச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கவைக்கம்பால் கொடியைப் புரட்டுவாள். அடுத்த ஹாரன் கேட்டதும் மூன்று பேரும் ஓரத்துக்கு ஓடுவோம். கொடிக்கு அடியில் தார் தெரியாமல் காணம் கொட்டிக் கிடந்தது.

"எப்படிங்க நிறுத்துனீக?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"சொன்னேன். கேட்டாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பெருமை. அது எனக்குச் சேர வேண்டியதில்லை என்று தெரிந்தும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸும் அதன் பின்னால் வந்தவரும்

அரை மணி நேரம்கூட இருக்காது. ஒரு பஸ் வந்து காணத்துக்கு முன்னால் நின்றது. கண்டக்டர் இறங்கினார்.

"காலையில திறந்து கெடந்த ரோட்ட மறுபடி எவன் அடைச்சான்? மெயின் ரோட்டு ஸ்டாப்புல ஆளுக நிக்காங்க. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி நிப்பா எப்பவும். நாங்க திரும்பிப் போயி ஏத்தணும்."

கைப்பிள்ளைக்காரி என்றதும் பஸ்ஸின் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தேன். அதுவரை வண்டிகள்தான் என் கண்ணில் பட்டன. உள்ளே இருக்கிறவர்களையும், வெளியே நிற்கிறவர்களையும் நினைக்கவே இல்லை.

பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு டிராக்டர் ஒதுங்கி முன்னால் வந்தது. அதன் பின்னால் மாட்டியிருந்தது கதிரடிக்கும் மிஷின். மேலே சுப்பையா அண்ணாச்சி.

"என்ன வே மாடசாமி, ரோட்டுல போட்டிருக்கீரு?" என்றார். "மிஷினு ரெண்டு நாளா வேலையில்லாமக் கெடக்கு. சும்மாக் கெடக்கதுக்குப் பட்டறையிலயாவது காட்டுவோம்னு கொண்டு போறேன். ஒரு வார்த்தை சொல்லி விடப்படாதா?"

பேச்சி முன்னால் வந்தாள். "இவுக வந்து சொன்னாகளே அண்ணாச்சி. வர ஒரு வாரம் ஆகும்னு சொன்னீகளாம்."

"எங்கிட்டயா?" அவர் என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல டீ குடிச்சிட்டு நின்னாரு. நானும் பாத்தேன். கூப்பிடுததுக்குள்ள போயிட்டாரு."

பேச்சி என்னைப் பார்த்தாள். பிறகு பஸ்ஸைப் பார்த்தாள். கண்டக்டரிடம், விலக்கில் போர்டு இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றார். திறந்த ரோட்டுக்குப் போர்டு எப்படி வந்தது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவிதா தாவணி நுனியால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கிறாள்.

கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டது பேச்சிதான். பஸ் பின்னால் எடுத்துத் திரும்பியது. அவள் சத்தம் போடவில்லை. தாழ்வாகத்தான் பேசினாள்.

"மிஷின அண்ணாச்சியும் நாங்களும் பாத்துக்கிடுதோம். நீங்க போயி அந்தப் போர்ட எடுங்க. எடுத்துட்டு அங்கனயே நில்லுங்க. ஒரு வண்டி இங்கிட்டுத் திரும்பக் கூடாது. ஒவ்வொண்ணுக்கும் நீங்களே வாயத் திறந்து வழி சொல்லணும்."

நேரா போங்க

பலகையை எடுத்துப் பள்ளத்தில் குப்புறப் போட்டேன். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. ரோடு மறுபடி அடைத்துவிட்டதாக டிரைவர்கள் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிவிட்டார்கள். நான்கு மாதப் பழக்கம் வேறு. பலகை இல்லாமலே வண்டிகள் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பின.

முதல் வண்டிக்கு நான் சொன்ன 'நேரா' என் மீசையைத் தாண்டவில்லை. வண்டி ஊருக்குள் திரும்பிவிட்டது. அது போய் ரோட்டில் ஓடும் மிஷினுக்கு முன்னால் நிற்கும், அதை விலக்கிவிட வேலையை நிறுத்துவார்கள், அந்தப் பத்து நிமிடத்தில் மழை வந்துவிடும். அடுத்த வண்டிக்கு ரோட்டின் நடுவே இறங்கினேன். கையைத் தூக்கினேன். சொன்னேன். டிரைவர் காதில் கை வைத்து, என்ன என்றார்.

"நேரா போங்க" என்று கத்தினேன்.

போனார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை. அடுத்த வண்டி. அடுத்தது. எனக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. தூரத்தில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கும்வரை காணம் நனையவில்லை என்று கணக்கு. பெரிய பெரிய துளியாக விலக்கில் மழை விழுந்தது. மண் வாசம் கிளம்பியது. நிழற்குடையில் கிடந்த உரச் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் சிவகிரி பஸ் வந்தது. முதலில் சொன்னேனே, அது.

பஸ் போனதும் கவனித்தேன். மிஷின் சத்தம் நின்றிருந்தது.

அடித்து முடித்து நின்றதா, மழையில் நின்றதா? சட்டைப்பையில் போன் அடிக்கும்வரை ரோட்டில் அப்படியே நின்றேன்.

"அப்பா, கடைசி மூட்டையும் உள்ள வந்துட்டு" என்றாள் கவிதா. "வீட்டு முத்தத்துல ஏறும்போதுதான் இங்கன தூத்தலே விழுந்துச்சு. குட்டிக்கு டைவர்சன்னு பேரு வச்சிட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லல."

போனைப் பையில் போடுவதற்குள் ஒரு பைக் என் பக்கத்தில் வந்து நின்றது. மழைக்கோட்டுக்குள் சோலார் தம்பி. தோளில் பிளாஸ்டிக் உறை போட்ட பை.

"அண்ணாச்சி, உங்க வீட்டுக்குத்தான் வாரேன். பேப்பர் எல்லாம் ரெடி. மழையில என்ன நிக்கீங்க?"

"நேரா போங்க தம்பி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "உங்க ஊரு இங்கிட்டுல்லா?"

"இங்கிட்டுத்தான். காணம் வீட்டுக்கு வந்துட்டு. புஞ்சையக் குடுக்கதா இல்ல. நீங்க நேரா போங்க."

சத்தத்தைக் குறைக்கத்தான் பார்த்தேன். அவ்வளவு நேரம் கத்திய தொண்டைக்கு அந்த ஒரு அளவுதான் தெரிந்தது. அவர் என் தலையிலிருந்த சாக்கைப் பார்த்தார். சிரித்தார். சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு நேராகவே போனார்.

திரும்பினால் பேச்சி குடையோடு நின்றுகொண்டிருந்தாள். தலையெல்லாம் காணத் தூசி. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

மழைக்குள் இரண்டு விளக்கு தெரிந்தது. சாயங்கால மினிபஸ்.

"ஏங்க, அது நம்ம பஸ்தானே?" என்றாள்.

நான் கையைக் காட்டினேன். நின்றது.